ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்: கல் இறக்குவதிலிருந்து பூச்சுக்கு முந்தைய நாள் வரை

வீடு கட்டுகிறவர்கள் சிமெண்ட் என்ன கம்பெனி, கம்பி எத்தனை எம்.எம். என்றெல்லாம் விசாரித்து விசாரித்து வாங்குவார்கள். சுவர் வேலை என்று வந்ததும் "அதெல்லாம் கொத்தனார் பார்த்துக்குவார்" என்று விட்டுவிடுவார்கள். பூசி முடித்தபிறகு எல்லாச் சுவரும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஐப்பசி அடைமழையில் வெளிச்சுவர் உள்பக்கமாக ஊறும்போதும், ஆணி அடித்தால் 'பொத்'தென்று உள்ளே போகும்போதும்தான் எது சுவர், எது பூச்சுக்குள் அடுக்கி வைத்த கல் என்று புரியும்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் வழக்கமாகக் கட்டும் 9 அங்குலச் செங்கல் சுவரைப் பற்றியது. சொந்த வீட்டு வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்கும், கரண்டி பிடிக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்கும் எழுதியது. பல விஷயங்கள் சொன்னாலும் என் கணக்கில் சுவரின் தரத்தை முடிவு செய்பவை மூன்றே: கல் நனைந்திருந்ததா, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நிற்கிற சந்து நிறைந்ததா, கட்டியபின் தண்ணீர் விட்டார்களா. மூன்றுமே பூச்சுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பார்க்க வேண்டிய நேரம் பூசுவதற்கு முன்னால்தான்.

கல் வாங்கும்போது

நம் ஊரில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு: கையால் அறுத்துக் காளவாசலில் சுட்ட நாட்டுக்கல், மெஷினில் அறுத்துச் சேம்பரில் சுட்ட சேம்பர் கல். நாட்டுக்கல்லின் அளவு ஊருக்கு ஊர் மாறும். சேம்பர் கல் 9 அங்குல நீளம், 4¼ அங்குல அகலம், 3 அங்குல உயரத்தை ஒட்டி வரும். செங்கல்லுக்கான இந்தியத் தரக்குறிப்பான ஐ.எஸ். 1077-இல் உள்ள அளவுகளில் நம் வழக்கத்துக்கு நெருங்கியது 230 × 110 × 70 மி.மீ.

இந்த எண்களுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு கல்லின் அகலமும் நடுவே ஒரு சந்தும் சேர்ந்தால் (110 + 10 + 110) ஒரு கல்லின் நீளம் வந்துவிடும். இந்தக் கணக்கு ஒத்துவந்தால்தான் நெடுக்காக வைத்த வரியும் குறுக்காக வைத்த வரியும் ஒரே கனத்தில் அமையும். நீளம் எட்டரை, அகலம் நாலரை என்று வந்த கல்லை வைத்துக்கொண்டு எந்தக் கொத்தனாராலும் இரண்டு பக்கமும் நேரான சுவர் எழுப்ப முடியாது. எனவே லோடு இறக்கும்போதே 20 கல்லை எடுத்து நீளவாக்கில் ஒட்டி ஒட்டி அடுக்கி டேப் பிடியுங்கள். 4.6 மீட்டர் வர வேண்டும். 8 செ.மீ. கூடினாலும் குறைந்தாலும் தரக்குறிப்பு ஒத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் திருப்பி அனுப்ப நியாயம் உண்டு.

மற்ற சோதனைகள் தெரிந்தவைதான். இரண்டு கல்லைத் தட்டினால் மணி போலக் 'கிண்' என்று கேட்க வேண்டும். 'டப்' என்று கேட்டால் வேகவில்லை. நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. மூன்றடி உயரத்திலிருந்து தரையில் போட்டால் உடையக்கூடாது. ஒரு கல்லை உடைத்து உள்ளே பாருங்கள்: ஓரம் சிவப்பாகவும் நடு கறுப்பாகவும் இருந்தால் உள்வரை வேகவில்லை. சுண்ணாம்புக் கட்டி வெள்ளையாகத் தெரிந்தால் அந்த லோடே வேண்டாம். அந்தக் கட்டி ஈரம் பட்டதும் விரிந்து, பூச்சைப் பொட்டுப் பொட்டாகத் தள்ளிவிடும்.

நான் அதிகம் நம்புவது தண்ணீர்ச் சோதனையை. காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தைத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். எடை 20 விழுக்காட்டுக்கு மேல் கூடக்கூடாது. 3 கிலோ கல் 3 கிலோ 600 கிராமுக்கு மேல் வந்தால் அந்தக் கல் மழையையும் அதே ஆசையோடு குடிக்கும்.

எத்தனை கல் தேவை? 9 அங்குலச் சுவரில் ஒரு சதுர அடிக்குச் சேம்பர் கல் சுமார் 10. நாலரை அங்குலச் சுவருக்கு 5. நாட்டுக்கல் சிறிதாக இருப்பதால் ஒன்றிரண்டு கூடும். கதவு, சன்னல் கழித்து வருகிற எண்ணோடு உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்துக்கொள்ளுங்கள். செங்கல் வேலை வெயில் கால வேலை. காளவாசல்காரர்கள் தை மாதத்துக்குப் பிறகு அறுக்கத் தொடங்கி மழைக்கு முன் சுட்டு முடிப்பார்கள். கார்த்திகையில் கல் தேடினால் விலையும் கூடும், வேகாத கல்லும் கலந்து வரும்.

ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கல்லா, சிவப்புக் கல்லா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஃபிளை ஆஷ் கல் அளவு மாறாது, பூச்சு கனமும் குறையும், ஆனால் நன்றாகப் பதம் வராத கல்லை அவசரமாகக் கொண்டுவந்து கட்டினால் சுவரில் முடி விரிசல் நிச்சயம். அதைச் சிவப்புக் கல்போல ஊறப்போடவும் கூடாது, மேலே தெளித்தால் போதும்.

மணல், சிமெண்ட், கலவை

ஆற்று மணல் இப்போது பலருக்குக் கனவுதான். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டில் கட்டலாம், குறை ஒன்றும் இல்லை. ஆனால் எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசி வந்து இறங்குகிறதா என்று பாருங்கள். கையில் ஒரு பிடி எடுத்துத் தேய்த்தால் மாவு போல ஒட்டிக்கொண்டு, உதறினாலும் போகாவிட்டால் தூசி அதிகம். கட்டு வேலைக்கு எம்-சாண்ட், பூச்சுக்குப் பி-சாண்ட். இரண்டும் வேறு வேறு சலிப்பு. ஆற்று மணல் கிடைத்தவர்கள் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், அதற்கு மேல் உப்பு கலந்த தண்ணீர் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல், மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் கழுவாமல் பயன்படுத்தக்கூடாது.

சிமெண்டில் கட்டு வேலைக்கு பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசலானா சிமெண்ட்) போதும். 53 கிரேடு வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கடைக்காரர் வேண்டியவர் என்று வைத்துக்கொள்ளலாம். பி.பி.சி. மெதுவாகப் பலம் பிடிக்கும், அதனால் தண்ணீர் விடுகிற நாள் கூடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

9 அங்குலச் சுவருக்கு 1:6, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல்; நாலரை அங்குலத்துக்கு 1:4. இந்த 6 எதை வைத்து அளக்கிற 6 என்பதில்தான் தகராறே. ஒரு மூட்டை சிமெண்ட் என்பது 35 லிட்டர், அதாவது 1.25 கன அடி. உள் அளவு 35 × 25 × 40 செ.மீ. கொண்ட மரப்பெட்டி ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கினால் ஒரு பெட்டி ஒரு மூட்டைக்குச் சமம். ஒரு மூட்டைக்கு 6 பெட்டி மணல். சட்டிக் கணக்கில் போனால் காலையில் தலைதட்டிய சட்டியும் சாயங்காலம் கோபுரம் கட்டிய சட்டியும் ஒரே கணக்கில் ஏறும். கூடவே ஒன்று: லேசாக ஈரமான மணல் 20 முதல் 30 விழுக்காடு வரை உப்பி நிற்கும். மழை நாளில் அதே பெட்டி அளவில் மணல் குறைவாகத்தான் விழும். சுவருக்குக் கெடுதல் இல்லை, சிமெண்ட் செலவுதான் கூடும்.

மணலையும் சிமெண்டையும் காய்ந்த நிலையிலேயே நிறம் ஒன்றாகும்வரை மூன்று முறையாவது புரட்ட வேண்டும். பிறகுதான் தண்ணீர். வெறும் மண் தரையில் கலக்காதீர்கள். தகரத்தாளோ சிமெண்ட் தளமோ வேண்டும். குடிக்க முடிகிற தண்ணீர் கலவைக்கும் ஆகும். கடலோர ஊர்களில் உப்புப் போர்த் தண்ணீரை ஊற்றிக் கலந்தால் இரண்டாம் வருடமே சுவரில் வெள்ளை உப்பு பூக்கும், அடுத்து பூச்சு பொரியும்.

எம்-சாண்டின் துகள் முனை முனையாக இருக்கும். அதனால் கரண்டிக்குக் கலவை குழைவாக வராது. கொத்தனார் "இன்னும் கொஞ்சம் தண்ணி விடும்மா" என்று சித்தாளிடம் சொல்வார். அந்தத் தண்ணீர்தான் பிறகு சுருக்கமும் விரிசலுமாக வரும். குழைவு வேண்டுமென்றால் கலவைக்கான பிளாஸ்டிசைசர் சிறிதளவு சேர்க்கலாம், அல்லது சலித்த மணல் கொஞ்சம் கலக்கலாம். கரண்டியில் அள்ளிய கலவையைச் சாய்த்தால் அது மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். ஒழுகக்கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுகிற அளவுக்கே கலக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு முன் ஒரு மூட்டை கலந்து குவித்துவிட்டு, சாப்பிட்டு வந்து தண்ணீர் தெளித்து மறுபடி புரட்டுவது நம் சைட்டுகளில் தினமும் நடப்பது. இறுகத் தொடங்கிய கலவை அது, அந்த இரண்டாவது தண்ணீர் அதற்கு உயிர் கொடுக்காது.

கல்லை நனைப்பது

இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் பாவலா காட்டி முடிப்பார்கள். அடுக்கி வைத்த கல் மேல் ஹோஸ் பிடித்து ஐந்து நிமிடம் அடித்தால் மேல் இரண்டு வரிதான் நனையும். அடியில் உள்ள கல் காய்ந்தேதான் சுவருக்குப் போகும். காய்ந்த கல் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகத் தண்ணீர் இருக்காது. ஒரு மாதம் கழித்து அந்தச் சந்தை விரலால் சுரண்டினால் மணலாகக் கொட்டும்.

தொட்டி கட்டியோ, பழைய டிரம் வைத்தோ கல்லை முழுக்க மூழ்கப் போடுங்கள். கல்லிலிருந்து குமிழி வரும். குமிழி நிற்கும்வரை ஊறட்டும். எடுத்து, மேலே தண்ணீர் வடிந்து, பார்க்க ஈரமாக, தொட்டால் கையில் தண்ணீர் ஒட்டாத பதத்தில் சுவருக்குக் கொடுக்க வேண்டும். சொட்டச் சொட்டக் கொடுத்தால் கல் கலவை மேல் வழுக்கும், வரி நேராக நிற்காது. காலை வேலைக்கு வேண்டிய கல்லை முதல் நாள் மாலையே ஊறப்போட்டு எடுத்து வைத்துவிடுகிற சித்தாள் கிடைத்தால் அவருக்குக் கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதில் தவறே இல்லை.

முதல் வரி

பேஸ்மெண்ட் மட்டத்தில், பிளிந்த் பீமுக்கு (அடித்தளத்தின் மேல் ஓடும் கான்கிரீட் பீம்) மேல், ஈரத்தடுப்புப் படலம் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றரை அங்குலம் முதல் 2 அங்குலம் வரை கனமுள்ள, வாட்டர்புரூஃப் கலந்த கான்கிரீட் படை அது. அது இல்லாத சுவரில் மண்ணின் ஈரம் ஏறி, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை பெயிண்ட் உரிந்துகொண்டே இருக்கும். பிறகு எந்தப் பெயிண்டாலும் அதைத் தீர்க்க முடியாது.

அறையின் நான்கு மூலைக்கும் நூல் கட்டி, ஒரு பக்கம் 3 அடி, அடுத்த பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பாருங்கள். பெரிய அறைக்கு 6, 8, 10 என்று எடுத்தால் பிழை இன்னும் குறையும். பிறகு எதிரெதிர் மூலைகளுக்கு டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றுதானா என்று சரிபார்க்க வேண்டும். டைல்ஸ் போடும் நாளில் ஒரு ஓரத்தில் மட்டும் ஆப்பு வடிவில் டைல்ஸ் வெட்ட வேண்டி வருகிறதே, அதன் காரணம் இந்தக் கால் மணி நேரத்தைச் சோம்பலில் விட்டதுதான்.

அடுத்து, கலவை இல்லாமல் ஒரு வரியைச் சும்மா அடுக்கிப் பாருங்கள். சந்துக்கு ஒரு விரல் கனம் விட்டு, கதவு வரும் இடத்தைத் தள்ளி, மூலையிலிருந்து மூலைக்கு. எங்கே அரைக்கல் விழுகிறது, எங்கே துண்டு வைக்க வேண்டி வருகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். கதவை ஒன்றிரண்டு அங்குலம் நகர்த்தினால் துண்டுக்கல் இல்லாமல் போகும் என்றால் நகர்த்திவிடலாம். சுவர் எழும்பிய பிறகு அதைச் செய்ய முடியாது.

அது சரியாக வந்ததும் படலத்தின் மேல் சிமெண்ட் பால் தெளித்து, முதல் வரியைக் கலவையில் வையுங்கள். முதல் வரியை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய் மட்டம்) பிடித்தே வைக்க வேண்டும். பீமில் ஏற்ற இறக்கம் இருந்தால் இந்த ஒரு வரியின் கலவைக் கனத்தில் அதைச் சரிசெய்துவிட வேண்டும். மேலே போகப்போகச் சரிசெய்கிறேன் என்று சொல்கிற கொத்தனாரை நம்பாதீர்கள்.

இங்கிலீஷ் பாண்டு

9 அங்குலச் சுவரை ஒரு வரி நெடுக்கு, அடுத்த வரி குறுக்கு என்று மாற்றி மாற்றிக் கட்டுவதுதான் நம் ஊர் வழக்கம். இதைத்தான் இங்கிலீஷ் பாண்டு என்பார்கள். நெடுக்கு வரியில் இரண்டு கல் பக்கம் பக்கமாகப் படுக்கும். குறுக்கு வரியில் ஒவ்வொரு கல்லும் சுவரின் முழுக் கனத்தையும் கடந்து நிற்கும். அந்தக் குறுக்குக் கல்தான் உள் முகத்தையும் வெளி முகத்தையும் பிணைக்கிறது. குறுக்கு வரி இல்லாமல் நெடுக்காகவே கட்டிக்கொண்டு போனால் அது 9 அங்குலச் சுவர் இல்லை. ஒட்டி நிற்கிற இரண்டு நாலரை அங்குலச் சுவர்.

மூலையில் ஒரு நுட்பம் உண்டு. குறுக்கு வரியைத் தொடங்கும்போது மூலையில் ஒரு முழுக்கல்லைக் குறுக்காக வைத்து, அதற்கு அடுத்து, நீளவாக்கில் பிளந்த கால் கல் ஒன்று (9 அங்குல நீளம், இரண்டே கால் அங்குல அகலம்) வைக்க வேண்டும். அதன் பிறகு வழக்கம்போலக் குறுக்குக் கற்கள். அந்தக் கால் கல்தான் மேல் வரிச் சந்தையும் கீழ் வரிச் சந்தையும் இரண்டே கால் அங்குலம் தள்ளிவிடுகிறது. அது இல்லாவிட்டால் சந்துக்கு மேல் சந்து நேராக விழும். சோம்பலில் கால் கல்லை மூலையின் ஓரத்திலேயே வைத்துவிடுவதும் உண்டு. அங்கே வைத்தால் அது உடைந்து விழும், மூலையே பலவீனமாகும். இன்னொன்று: மூலையில் ஒரே வரி ஒரு சுவரில் நெடுக்காகவும், திரும்பியதும் அடுத்த சுவரில் குறுக்காகவும் ஓடும். இரண்டு பக்கமும் நெடுக்காகத் தெரிந்தால் மூலை பிணையவில்லை.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ரேட் ட்ராப் பாண்டு பற்றியும் பலர் கேட்கிறார்கள். கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது அது. கல் சுமார் நாலில் ஒரு பங்கு மிச்சம், வெயிலும் உள்ளே குறைவாக இறங்கும். நல்ல முறைதான். ஆனால் அதற்கு அளவு மாறாத கல்லும், பழகின கொத்தனாரும், கட்டும்போதே எலக்ட்ரிக் பைப் எங்கே என்று முடிவு செய்த வரைபடமும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இங்கிலீஷ் பாண்டிலேயே இருங்கள்.

மூலை எழுப்பி, நூல் பிடித்து

சுவரை மூலையிலிருந்து மூலைக்கு வரிசையாக ஓட்டக்கூடாது. இரண்டு மூலைகளையும் முதலில் நான்கைந்து வரி உயரம், படி படியாக இறங்குகிற மாதிரி எழுப்ப வேண்டும். ஒவ்வொரு மூலையையும் தூக்குக்குண்டு போட்டு இரண்டு முகத்திலும் பார்க்க வேண்டும். ரசமட்டம் போதும் என்பார்கள், போதாது. ஒரு மீட்டர் ரசமட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத சாய்வு பத்தடியில் விரல் கனமாகிவிடும். 3 மீட்டர் உயரத்துக்கு 6 மி.மீ.க்கு மேல் சாயக்கூடாது என்பது அளவு.

ஒரு நேரான சட்டத்தில் 80 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 70 கல்லுக்கு, 10 சந்துக்கு. ஒவ்வொரு மூலையிலும் அதை நிறுத்தினால் எந்த வரி எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். இந்தக் குச்சி இல்லாத சைட்டில் ஒரு மூலையில் 26 வரியிலும் எதிர் மூலையில் 27 வரியிலும் லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) மட்டம் வந்து நிற்பதைப் பார்க்கலாம்.

மூலை தயாரானதும் இரண்டுக்கும் இடையே நூலை இறுக்கிக் கட்டி, நூலுக்கு ஒரு தாள் கனம் உள்ளே நிற்கும்படி கல்லை வைத்துக்கொண்டு போக வேண்டும். கல் நூலைத் தொட்டால் நூல் வெளியே தள்ளப்படும், அடுத்த கல் அந்தத் தள்ளிய நூலைப் பார்த்து உட்காரும், கடைசியில் சுவருக்குத் தொப்பை. நாட்டுக்கல்லில் இரண்டு முகமும் நேராக வராது. வெளி முகத்துக்கு நூல் பிடித்து, ஏற்றத்தாழ்வை உள் முகத்துக்குத் தள்ளுவதே வழக்கம்.

ஒரு கல் வைப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல கொத்தனார் கலவையை இரண்டு மூன்று கல் நீளத்துக்கு மட்டுமே பரப்புவார். கரண்டி முனையால் நடுவே லேசாக ஒரு பள்ளம் இழுப்பார். கையில் எடுத்த கல்லின் தலைப்பக்கம் ஒரு கரண்டிக் கலவையைப் பூசி, பக்கத்துக் கல்லை ஒட்டி அழுத்தித் தள்ளி உட்கார வைப்பார். சந்தின் மேல் கலவை பிதுங்கி எழும். கரண்டிப் பிடியால் இரண்டு தட்டு. கல் நூல் மட்டத்துக்கு வந்துவிடும். பிதுங்கியதைக் கரண்டியால் வழித்து அடுத்த சந்துக்கே போடுவார். கல்லில் குழி இருந்தால் குழி மேலே பார்த்திருக்கும், அடுத்த வரிக் கலவை அதில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

அவசரக்காரர் செய்வது வேறு. கலவையை நீளமாகக் கொட்டி, கற்களை அருகருகே வெறுமனே வைத்துக்கொண்டே போவார். பிறகு கரண்டியால் சந்தின் வாயில் மட்டும் கலவையை அப்பித் தேய்ப்பார். வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்த சந்து. உள்ளே காலி. மழைத் தண்ணீர் உள்ளே வருவது பெரும்பாலும் இந்தக் காலிச் சந்து வழியாகத்தான், கல் வழியாக அல்ல. சதுர அடிக் கூலிக்கு வேலை விட்டால் இது கூடும். அவர் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது, நாம் பேசிய கூலி அப்படி.

சோதிக்க வழி எளிது. அப்போதுதான் வைத்த ஒரு கல்லைக் காட்டி, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இந்த ஒரு கல்லை மட்டும் தூக்கிக் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். கல்லின் அடியிலும் தலையிலும் கலவை முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தால் நிறுத்திப் பேசுங்கள். தூக்கிய கல்லை அதே கலவையில் திரும்ப வைக்கக்கூடாது. பழையதை வழித்துவிட்டுப் புதுக் கலவையில்தான் வைக்க வேண்டும். வேலை தொடங்கிய முதல் நாளே இதை ஒருமுறை செய்துவிட்டால் பிறகு தினமும் செய்ய வேண்டியிருக்காது.

ஒரு நாளைக்கு 5 அடி உயரத்துக்கு மேல் எழுப்பாதீர்கள். கீழ் வரிக் கலவை இறுகும் முன் மேலே பாரம் ஏறினால் சந்து நசுங்கிச் சுவர் சாயும். நாலரை அங்குலச் சுவருக்கு 3 அடியே போதும். அதில் நான்கு வரிக்கு ஒருமுறை 6 மி.மீ. கம்பி இரண்டு ஓட விட்டு, இரு முனையையும் தூணிலோ பக்கத்துச் சுவரிலோ பிணைக்க வேண்டும். அன்றைய வேலையைப் பாதியில் நிறுத்தும் இடத்தில் சுவரைப் படி படியாக இறக்கி விடுவதே சிறந்தது. பல் விட்டு (ஒரு வரி நீட்டி, ஒரு வரி உள்ளே தள்ளி) நிறுத்தினால் மறுநாள் அந்தப் பல்லுக்குள் கலவையை யாரும் ஒழுங்காகத் திணிப்பதில்லை. நிறுத்தும்போது, பூச வேண்டிய முகத்தில் கலவை பச்சையாக இருக்கையிலேயே சந்துகளை அரை அங்குல ஆழம் சுரண்டி விடச் சொல்லுங்கள். பூச்சு பிடிக்க அதுதான் பிடிமானம்.

தோள் உயரத்துக்கு மேல் போனதும் சாரம் கட்ட வேண்டும். டிரம் மேல் பலகை போட்டு ஏறி நின்று எட்டிக் கட்டுகிற சுவரில், மேல் நான்கு வரி எப்போதும் உள்வாங்கித்தான் இருக்கும். ஆளுக்கும் ஆபத்து. சாரத்துக்காகச் சுவரில் விட்ட துளைகளைப் பின்னால் கான்கிரீட் போட்டு அடைக்க வேண்டும், உடைகல்லைத் திணித்து மேலே பூசிவிடக்கூடாது.

நிலை, சன்னல், லிண்டல்

வாசல் நிலை வைக்கிற நாள் வீட்டில் சின்னத் திருவிழா. மஞ்சள் குங்குமம், நவதானியம், மாவிலை, சொந்தபந்தம். நல்ல நேரம் முடிவதற்குள் நிலை நிற்க வேண்டும் என்ற பரபரப்பில் தூக்குக்குண்டை மறந்துவிடுவார்கள். பூஜைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள், தவறில்லை. கூட்டம் சாப்பிடப் போனதும் கொத்தனாரையும் தச்சரையும் வைத்துக்கொண்டு இரண்டு காலையும் இரண்டு முகத்திலும் குண்டு போட்டு, குறுக்களவு பார்த்து, முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். டைல்ஸ், அதன் அடிக் கலவை எல்லாம் சேர்த்துத் தரை எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டே நிலையின் அடிமட்டம் முடிவாக வேண்டும். பக்கத்துக்கு மூன்று ஹோல்டுபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை), ஒவ்வொன்றும் சுவருக்குள் கான்கிரீட்டில் புதைய வேண்டும்.

சன்னல் அடிமட்டத்தில் சுவர் முழுக்க 3 அங்குலக் கான்கிரீட் பட்டை ஓட்டினால் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்குகிற விரிசல் பெரும்பாலும் வராது. செலவு சொற்பம். லிண்டல் திறப்புக்கு இருபக்கமும் 6 அங்குலமாவது சுவரில் உட்கார வேண்டும், 9 இருந்தால் நிம்மதி. லிண்டலுக்கு அடியில் வருகிற கடைசி வரி முழுக்கல்லாக இருக்கட்டும், உடைசலை அங்கே தீர்க்க விடாதீர்கள்.

தூண், பீம் போட்டுக் கட்டும் வீடுகளில் இன்னும் இரண்டு இடம் கவனிக்க வேண்டும். தூணின் வழவழப்பான முகத்தை உளியால் கொத்தி, சிமெண்ட் பால் தடவியே கல்லை அதில் ஒட்ட வேண்டும். பீமுக்கு அடியில் கடைசி வரியை அதே நாளில் முடிக்காமல், கீழ்ச் சுவர் அமர ஒரு வாரம் விட்டுப் பிறகு இறுக்கமாக அடைக்க வேண்டும். உடனே அடைத்தால் சுவர் அமர்ந்ததும் பீமுக்கும் சுவருக்கும் நடுவே நேர்கோடாக ஒரு விரிசல் வரும். எத்தனை முறை பட்டி பார்த்தாலும் அது மறுபடி எட்டிப்பார்க்கும்.

தண்ணீர்

கட்டிய மறுநாள் முதல் குறைந்தது 7 நாள். பி.பி.சி. என்றால் 10 நாள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை, சுவர் காயாமல். காலையில் ஒருமுறை பீய்ச்சி அடித்துவிட்டுப் போவது கணக்கில் வராது. அக்கினி நட்சத்திர வெயிலில் அது ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். வெயில் நேராக விழும் மேற்குச் சுவருக்குச் சாக்கைத் தொங்கவிட்டு நனைத்தால் தண்ணீரும் மிச்சம், சுவரும் நனைந்தே இருக்கும். ஹோஸைப் பச்சைச் சுவருக்கு நேரே வேகமாகப் பிடித்தால் சந்துக் கலவை அரித்துப்போகும், விரலால் விசிறி போல் தெளிக்கச் சொல்லுங்கள். மழை வந்தால் மேல் வரியைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும்.

தண்ணீர் விட ஆள் யார் என்பதைக் கூலி பேசும்போதே முடிவு செய்யுங்கள். கொத்தனார் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார், வீட்டுக்காரர் காண்ட்ராக்டர் என்று நினைப்பார், சுவர் காய்ந்துகொண்டிருக்கும்.

பூசுவதற்கு முன்

சுவர் கட்டி மூன்று நான்கு வாரம் கழித்தே பூச்சு தொடங்குவது நல்லது. கலவை சுருங்குகிற சுருக்கமெல்லாம் அதற்குள் முடிந்துவிடும். அதற்கிடையில் எலக்ட்ரிக், பிளம்பிங் ஆட்கள் பைப் பதிக்கக் காடி எடுக்க வருவார்கள். சுத்தியலும் உளியும் வைத்து அடித்தால் பக்கத்துச் சந்துகள் அசைந்துவிடும். கட்டிங் மெஷினில் இரண்டு கோடு போட்டு நடுவே எடுக்கச் சொல்லுங்கள். நேர்க்குத்தாகப் போகும் காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை போகலாம், அதாவது 9 அங்குலத்தில் 3. படுக்கையாகப் போவது ஆறில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, ஒன்றரை அங்குலம். நாலரை அங்குலச் சுவரில் படுக்கைக் காடியே எடுக்க விடாதீர்கள். பைப் வைத்ததும் 1:3 கலவையால் காடியை அடைத்து, அதற்கும் தண்ணீர் விட வேண்டும்.

தூணும் கல்லும் சேரும் இடத்தில், பீமும் கல்லும் சேரும் இடத்தில், அடைத்த காடியின் மேல், எல்லா இடத்திலும் கோழிவலை அடிக்க வேண்டும். சந்துக் கோட்டுக்கு இருபுறமும் 6 அங்குலம் வருமாறு ஓரடி அகல வலை போதும். சுவரோடு தட்டையாக ஆணி அடித்து இழுத்துக் கட்டினால்தான் பயன். தொளதொளவென்று தொங்கினால் பூச்சுக்குப் பின்னால் இடைவெளி விழுந்து, தட்டினால் கொட்டுச் சத்தம் கேட்கும். வலை அடித்து முடித்த அன்று மாலையே ஒரு ஆறடி மட்டப்பலகையைச் சுவரெங்கும் சாய்த்துப் பார்த்து, பலகைக்குப் பின்னால் விரல் நுழைகிற இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அந்த இடங்களில் மட்டும் முதலில் ஒரு கை கலவை அடித்து மேடு பள்ளம் சமன் செய்து, மறுநாள்தான் மொத்தச் சுவரையும் பூசத் தொடங்க வேண்டும்.